மூத்தவனின் கிழங்கு

செப்டம்பர் 7, 2024, சனி

அம்மா வந்து சேர்ந்தாள். ஆஸ்டின் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நடக்க முடியாமல் இல்லை, ஆங்கிலம் தெரியாததால். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ரவுண்ட் ராக் வரை யாரிடமும் வழி கேட்காமல் வர இது ஒன்றுதான் உபாயம் என்று டிக்கெட் போடும்போது நான்தான் கேட்டு வைத்திருந்தேன். "நான் என்ன நொண்டியா?" என்பதுதான் இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை.

இரண்டாவது விஷயமும் அங்கேயே நடந்தது. என் மனைவி மைலே காலையில் ஊசி நூலோடு உட்கார்ந்து வெள்ளை ஆர்க்கிட் பூவில் ஒரு மாலை கோத்திருந்தாள். ஹவாய்க்காரர்கள் வழக்கத்தில் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு மாலை போட்டுக் கன்னத்தோடு கன்னம் வைப்பார்கள். அவளுக்கே இதெல்லாம் இந்த வருஷம்தான் தெரியும். நேராகப் போய் அம்மாவின் கழுத்தில் போட்டாள். அம்மா விறைத்துப்போனாள். அப்பா போன பிறகு அவள் மேல் ஒரு பூ பட்டதில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். போட்டவர் எதிரிலேயே கழற்றுவது மைலேயின் ஆட்களுக்கு முகத்தில் அடித்த மாதிரி.

"அம்மாவுக்குப் பூ அலர்ஜி," என்றேன் மைலேயிடம்.

"சாமிக்குப் போடறதுக்குக் குடுக்கறா," என்றேன் அம்மாவிடம்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா இருக்கப்போகிற ஆறு மாதமும் இப்படியே பூசி மெழுகி ஓட்டிவிடலாம்.

செப்டம்பர் 8

மைலே அந்த மாலையை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கில்லீனில் மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு. கிமோ மாமா பதினெட்டு வயதில் ஹவாயிலிருந்து ராணுவத்துக்கு வந்தவர். கில்லீன் முகாமில் ஓய்வு பெற்று அங்கேயே வீடும் வாங்கிக்கொண்டார். மைலே பிறந்து வளர்ந்தது அந்த வீட்டில்தான். பள்ளிக்கூடத்தில் அவளை எல்லோரும் மெக்சிகோக்காரி என்று நினைத்தார்கள், அவளும் மறுக்கவில்லையாம். ஊரைப் பற்றிக் கேட்டால் கிமோ மாமா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். தாத்தாவின் முழுப்பெயர்கூட அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

ஜனவரிக்குப் பிறகு அது மாறிவிட்டது. ஜனவரியில் எங்கள் பையன் எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனான். எழுதிவிட்டேன். மேலே போகலாம்.

மார்ச்சில் ஒரு நாள் கிமோ மாமா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கில்லீனில் ஒரு தீவுக் குடும்பத்தின் தோட்டத்திலிருந்து சேம்புத் தண்டு ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தன் அப்பா சொன்ன கதை என்று ஆரம்பித்தார். எங்கள் ஜனத்தில் முதலில் பிறந்த பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. வீட்டுப் பக்கத்திலேயே புதைத்தார்கள். அந்த இடத்தில் இந்தச் செடி முளைத்தது. அதற்கு அடுத்துப் பிறந்தவன்தான் மனுஷன். அதனால் இந்தச் செடி எங்களுக்கு அண்ணன். அண்ணன் சோறு போடுவான், தம்பி அவனைப் பார்த்துக்கொள்வான். இவ்வளவுதான். மகளிடம் அவர் தன் ஊரைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. மைலே எழுந்து போய் அலமாரியிலிருந்து பையனின் சாம்பல் இருந்த சின்ன டப்பாவை எடுத்து வந்தாள். தோட்டத்தில் பாதிப் பீப்பாய்த் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதில் மண்ணோடு சாம்பலைக் கலந்து தண்டை நட்டோம். மண் அள்ளியது எல்லாம் நான்தான். டப்பாவை மட்டும் நான் தொடவில்லை.

இன்றைய சாப்பாட்டுக்கு வருகிறேன். வேகவைத்து இடித்த சேம்புக் கூழ் ஒரு மரச்சட்டியில், மேஜை நடுவில். அந்தச் சட்டியைத் திறந்துவிட்டால் அங்கே யாரும் சண்டை போடக்கூடாது, கோபமாக ஒரு சொல் சொல்லக்கூடாது. அண்ணன் கூட உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தமாம். கிமோ மாமா அம்மாவுக்கு முதலில் போட்டார்.

"சேப்பங்கெழங்கா இது? உப்பு ஒறைப்பு ஒண்ணுமில்லாம எப்படிக் கண்ணு முழுங்கறாங்க?"

"ரொம்ப நல்லாயிருக்குன்னு சொல்றாங்க," என்று மொழிபெயர்த்தேன். அவர் சந்தோஷமாக இன்னும் இரண்டு கரண்டி போட்டார். அம்மா என்னை முறைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

செப்டம்பர் 19, வியாழன்

வேலைக்குப் போகுமுன் மைலே பீப்பாய்க்குத் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றும்போது வாய்க்குள் ஏதோ பாடுவாள். சனிக்கிழமைகளில் கில்லீனில் தீவுப் பெண்கள் கூடும் ஒரு ஹாலுக்குப் போகிறாள், அங்கே கற்றுக்கொண்டது. வார்த்தைகளுக்குப் பாதிதான் அர்த்தம் தெரியும், ஆனால் தொண்டைக்குத் தெரிகிறது என்றாள். எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு தண்ணி உட்டுப் புல்லு வளக்கறாங்களே, மாடாவது இருக்குதா? அந்தச் சேம்பு ஒண்ணுதான் உருப்படியா இருக்குது. அது எதுக்கு?"

"மைலே வெச்சதும்மா."

"தெரியுது. எதுக்குன்னேன்."

"சமைக்கத்தான். வேற எதுக்கு."

வேறு என்ன சொல்ல? ஜனவரியில் போனில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பொதைச்சாச்சா?" எங்கள் பக்கம் சிசுவை எரிக்கமாட்டார்கள். ஆச்சும்மா என்றேன். நல்லது, மறந்துரு, ஆருகிட்டயும் பேசாதே என்றாள். இப்போது போய் எரித்தோம், சாம்பல் தொட்டியில் இருக்கிறது என்று எப்படி ஆரம்பிப்பது?

சாயங்காலம் மைலே கேட்டாள். "அந்தத் தொட்டியில் என்ன இருக்கிறதென்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்கள்?"

"ஒண்ணும் சொல்லலை. கண் கலங்கிட்டாங்க."

மைலே என் தோளில் தலை வைத்துக்கொண்டாள். வெகு நாள் கழித்து. ஒரு சின்னப் பொய்க்கு இவ்வளவு கிடைக்கும் என்றால் யார்தான் சொல்லமாட்டார்கள்.

அக்டோபர் 6, ஞாயிறு

என் டீமில் வேலை செய்யும் சந்தானம் வீட்டில் கொலு. பட்டுப்புடவைகள், சுண்டல், குழந்தைகள் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு ஓடுகின்றன. சந்தானத்தின் மனைவி ஹம்சா அம்மாவிடம், "ஆன்ட்டி, உங்களுக்குப் பேரப்பசங்க எத்தனை?" என்றாள்.

"இன்னும் ஒண்ணும் இல்லீங்க."

மைலே சுண்டல் கப்போடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் கொலுப்படியைப் பார்க்க ஆரம்பித்தேன். செட்டியார் பொம்மைக்கு ஒரு காது இல்லை.

காரில் கேட்டாள். "என்ன பேசினார்கள்?"

"சும்மா ஊர்க்கதை."

"இல்லை என்று சொன்னார்கள். அந்த வார்த்தை எனக்குத் தெரியும்."

மைலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின் சீட்டிலிருந்து அம்மா, "மயிலுக்குச் சுண்டல் ஒத்துக்கலியா கண்ணு?" என்றாள். மைலே என்ற பெயரை முதல் நாளே மயிலு என்று ஆக்கிக்கொண்டுவிட்டாள்.

எனக்கு ஒரு பையன் இருந்தானா இல்லையா? இருந்தான் என்றால் நான் ஏன் அங்கே வாயைத் திறக்கவில்லை? இல்லை என்றால் ஷவரில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு யாருக்காக அழுகிறேன்? மைலே அவனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அதை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கே எழுதவும் கை வரவில்லை. இந்த நோட்டை இந்த வீட்டில் யாரும் படிக்கப் போவதில்லை. மைலேக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குக் கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தெரியாது. அப்படியும் வரவில்லை.

அக்டோபர் 9

சேம்பு இலைகள் மஞ்சளாகின்றன. கிமோ மாமா வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றாராம்.

அக்டோபர் 12, சனி

மைலே காலையிலேயே கில்லீன் போய்விட்டாள். நான் மாடியில் ஆபீஸ் வேலை. மதியம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். சேப்பங்கிழங்கு வறுவல், தண்டைப் புளிவிட்டுக் கடைந்தது, ரசம். அம்மா வந்ததிலிருந்து இன்றுதான் சாப்பாடு சாப்பாடாக இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டேன். கிழங்கு வெண்ணெயாகக் கரைந்தது. இந்தியன் ஸ்டோரில் எப்போதும் நாராகத்தான் கிடைக்கும், எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அம்மா எந்தக் கடைக்கும் போகவில்லை.

"கெழங்கு ஏதும்மா?"

"நம்ம தொட்டிலதான். எலை பழுத்துப்போச்சு, இன்னும் உட்டா அழுகிப்போயிரும். மயிலு ஊட்ல விரும்பித் திங்கறாங்களேன்னு காலைல தோண்டிட்டேன். அவளுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கறேன், காரமில்லாம."

காரமில்லாமல்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. கையைக் கழுவலாமா கூடாதா என்று தெரியவில்லை. பாத்ரூமில் போய் நின்றேன். வாந்தி எடுக்கணும் போல இருந்தது. எடுக்கக்கூடாதுன்னும் இருந்தது. எடுத்தா அவனை — அய்யோ. என்னத்தை எழுதறேன் நான். அம்மா, நீ ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல. கேட்டியே. எதுக்குன்னு கேட்டியே. நான்தானே சொன்னேன் சமைக்கன்னு.

அதே நாள், சாயங்காலம்

மைலே வந்தாள். சாவியை வைத்துவிட்டு நேரே தோட்டத்துக்குப் போனாள். அம்மா மேலே படுத்திருந்தாள். நான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பீப்பாய் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நிமிரவே இல்லை. நான்தான் போனேன்.

"யார் செய்தது?"

அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று மைலேயிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அம்மா என்றால், தெரிந்தே செய்த ராட்சசி ஆகிவிடுவாள். தெரியாது என்றால் நான் பொய்யன். கம்ப்யூட்டர் கோட் எழுதிப் பழகிய மூளை, சட்டென்று மூன்றாவது வழியைப் பிடித்தது.

"நான்தான்."

"ஏன்?"

"இலை பழுத்துப்போச்சு. போதும்னு தோணுச்சு."

போதும். அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தேன்? அவள் என் முகத்தில் எதையோ தேடினாள். எங்கே அது என்றாள். சமைத்தாயிற்று என்றேன். "நடுவதற்கு ஏதாவது மிச்சமிருக்கிறதா? தண்டு, ஒரு சின்னக் கிழங்கு, ஏதாவது?"

"ஒண்ணும் இல்லை," என்றேன். அம்மாவிடம் கேட்காமலேயே.

அக்டோபர் 13

மைலே அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மாவிடம், மைலேயை வேலைக்கு வைத்திருக்கும் பல் டாக்டர் கில்லீனில் இன்னொரு கிளினிக் திறக்கிறார், கொஞ்ச நாள் அங்கே இருக்க வேண்டும் என்றேன். அம்மா நம்பிவிட்டாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

நம்பவில்லை.

காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். "நான் அன்னிக்கு மாலையக் கழட்டுனேனே, அதுக்குத்தான் கோவமா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"பின்ன நான் வந்ததுதான் புடிக்கலியா?"

"வேலைம்மா. சொன்னேன்ல."

"வேலைக்குப் போறவ பல்லு வெளக்கற பிரஷ்ஷெல்லாமா வாரி எடுத்துட்டுப் போவா?"

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அம்மா செத்துப்போவாள். பேரனின் சாம்பலில் விளைந்ததைத் தோண்டி, வறுத்து, மகனுக்கும் போட்டுத் தானும் சாப்பிட்டிருக்கிறாள். சொல்லாவிட்டால், மருமகள் தன்னால்தான் போனாள் என்று தினம் தினம் சாவாள். இரண்டில் எது நல்லது? அங்கே மைலே, பெற்ற பிள்ளையைப் பிடுங்கித் தின்றவன் என்று என்னை நினைத்துக்கொண்டிருக்கிறாள். மெசேஜ் அனுப்பினால் படிக்கிறாள். பதில் வருவதில்லை.

மைலேக்கென்று எடுத்து வைத்த கிண்ணம் ஃப்ரீசரில் இருக்கிறது. ஐஸ் எடுக்கக்கூட அந்தக் கதவைத் திறக்க என்னால் முடியவில்லை.

அக்டோபர் 31, தீபாவளி

லீவு போடவில்லை. ஆபீஸில் ஆதர்ஷ் எல்லோருக்கும் காஜு கத்லி கொடுத்தான். வீட்டில் அம்மா அரிசிமாவும் வெல்லமும் பிசைந்து கச்சாயம் சுட்டு, மூன்று தட்டில் எடுத்து வைத்திருந்தாள். மூன்றாவது தட்டு இன்னும் மேஜையில்தான் இருக்கிறது.

நவம்பர் 9, சனி

மைலேயின் குளிர்காலத் துணிகளை எடுக்க கிமோ மாமா வந்தார். நான் மாடியில் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கீழே சத்தம் இல்லை என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

அம்மா அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். ஒருத்தருக்கு ஒருத்தர் பாஷை கிடையாது. ஆனால் இரண்டு பேரும் விவசாயக் குடும்பம். அம்மா பீப்பாயைக் காட்டி, இலை வாடியதைக் கையால் காட்டி, குனிந்து இரண்டு கையாலும் தோண்டுகிற மாதிரி காட்டி, கிழங்கு இவ்வளவு பெரிசு என்று விரலை விரித்துக் காட்டினாள். பெருமையாக. அவர் தொப்பியைக் கழற்றினார்.

நான் இறங்கி ஓடினேன். அதற்குள் இருவரும் சமையலறைக்கு வந்துவிட்டார்கள். அம்மா ஃப்ரீசரிலிருந்த கிண்ணத்தை மைக்ரோவேவில் சுடவைத்து அவர் முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். "மயிலுக்கு எடுத்து வெச்சது. அவ வரல, அவங்கய்யனாச்சும் சாப்பிடட்டும்."

கிமோ மாமா கிண்ணத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கடைசியில் என்னை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடி ஏதோ சொன்னார். ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார், அவசரப்படாமல். அம்மா சந்தோஷமாகத் தண்ணீர் எடுத்து வைத்தாள். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

வண்டியில் ஏறும்போது கேட்டார். "உன் அம்மாவுக்குத் தெரியாது, அப்படித்தானே?"

"தெரியாது."

"அடுத்த சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. நான் சமைக்கிறேன்."

நவம்பர் 16, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் மாற்றிவிடுவேன்.

கிமோ மாமா வீட்டு மேஜை. நான்கு பேர். மைலே இளைத்திருக்கிறாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள், அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. கிமோ மாமா நடுவில் கூழ்ச் சட்டியை வைத்து மூடியை எடுத்தார். மைலே என்னைப் பார்த்துச் சொன்னாள், "நான் சொல்வதை உன் அம்மாவிடம் சொல். அவர்கள் சொல்வதை என்னிடம் சொல். ஒரு சொல்லையும் மாற்றாதே."

சரி என்றேன்.

"அந்தத் தொட்டி மண்ணில் எங்கள் மகனின் சாம்பல் இருந்தது."

நான் சட்டியையே பார்த்தேன். கிமோ மாமா ம் என்றார். "அம்மா," என்றேன். "அந்தத் தொட்டி மண்ணுல எங்க பையனோட சாம்பல் இருந்துச்சு."

அம்மா என்னையே பார்த்தாள். "பொதைச்சம்னு சொன்னியே."

"என்ன சொல்கிறார்கள்?" என்றாள் மைலே.

"புதைத்துவிட்டதாக நான் சொல்லியிருந்தேன் என்கிறார்கள்."

"யார் தோண்டியது என்று கேள்."

கேட்டேன்.

"நாந்தான் தோண்டுனேன். இவன் மேல கம்ப்யூட்டர் பார்த்துட்டிருந்தான். சமைக்கத்தான் வெச்சிருக்குதுன்னு இவன் சொன்னான்."

அதையும் சொன்னேன். ஆங்கிலத்தில் அது இன்னும் சின்னதாக இருந்தது. மைலே ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் தேவலை. சட்டி திறந்திருந்தது.

அம்மாவுக்கு அப்போதுதான் மற்றது உறைத்தது. கை வாய்க்குப் போனது. "அப்ப... நான் தின்னது..." என்றாள். "பேரனத் தின்னுட்டனா சாமி?"

என்னால் முடியவில்லை. தண்ணீர் குடித்தேன். மைலே, "சொல்," என்றாள். சொன்னேன்.

மைலே எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அம்மா பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தே பேசினாள். "அவன் மூத்தவன். சோறு போடுவது மூத்தவன் வேலை. நீங்கள் எங்கள் பசியாற்ற நினைத்தீர்கள். அவன் போட்டான். நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. அவன் சாப்பாட்டை இங்கே யாரும் வீணாக்கவில்லை."

அதைத் தமிழில் சொன்னேன். மாற்றாமல்தான் சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன், மறுபடி ஆரம்பித்துச் சொன்னேன். அம்மா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைக்கவில்லை. மைலேயின் முகத்தைத் துடைத்தாள்.

"பேரு என்ன வெச்சாங்க?"

நான் மைலேயிடம் கேட்கத் தேவையில்லை. "மகோவா," என்றேன்.

அம்மா ஒரு தடவை தப்பாகச் சொல்லிப் பார்த்தாள், மறுபடி சரியாகச் சொன்னாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, ரேஷன் கடையில் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "வெதைக்கு ரெண்டு பக்கக் கெழங்கு எடுத்து வெச்சிருக்கறேன்னு சொல்லு. காயிதத்துல சுத்தி, அடுப்புக்குக் கீழ் அலமாரில வெச்சிருக்கறேன். வெதைக்கு எடுக்காம ஆராச்சும் கெழங்கு தோண்டுவாங்களா?"

நான் மொழிபெயர்க்காமல் உட்கார்ந்திருந்தேன். மைலே இரண்டு தடவை கேட்டாள். சொன்னேன்.

சாப்பிட்டு முடித்து கிமோ மாமா சட்டியை மூடினார். வெளியே கார் வரை மைலே வந்தாள். "மிச்சம் இருக்கிறதா என்று உன்னிடம் கேட்டேன்."

"தெரியும்."

"உன் அம்மாவைக் காப்பாற்றப் பொய் சொன்னேன் என்று சொல்லாதே. ஒரு மாதம் நான் அவன் போய்விட்டான் என்று மறுபடி அழுதேன். அவர்கள் அந்த வீட்டில், எல்லாம் தன்னால்தான் என்று அழுதார்கள். நீ நடுவில் நின்று இரண்டு பேரிடமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தாய்."

அவள் குரல் உயரவில்லை. நான் அவ்வளவும் சரி என்றேன். வீட்டுக்கு வருகிறாயா என்றும் கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

நவம்பர் 17

அம்மா அந்தக் கிழங்கு இரண்டையும் ஈரத்துணியில் சுற்றி, தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றாள். மறுபடி கில்லீன். நான் காரிலேயே இருந்தேன்.

நவம்பர் 23, சனி

அம்மா ஊருக்குக் கிளம்பிவிட்டாள், டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டு. சக்கர நாற்காலி வேண்டாம் என்றுவிட்டாள். மைலே விமான நிலையத்துக்கு வந்திருந்தாள், ஒரு மாலையோடு. பூ இல்லை. பச்சை இலைகளை முறுக்கிக் கட்டியது. அம்மா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். செக்யூரிட்டி தாண்டித் திரும்பிப் பார்த்தபோதும் கழுத்தில்தான் இருந்தது. மைலேயும் நானும் தனித்தனி காரில் திரும்பினோம்.

ஜனவரி 20, 2025

இன்றோடு அவன் போய் ஒரு வருஷம். கில்லீன் வரட்டுமா என்று மெசேஜ் அனுப்பினேன். "வேண்டாம்" என்று பதில். தமிழ் வார்த்தைதான், ஆங்கில எழுத்தில்.

நாள் முழுக்க வீட்டில் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். காலி வீட்டில் சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 8, சனி

மைலே தன் சாமான்களை எடுத்துப் போனாள். பீப்பாயையும், மண்ணோடு. கிமோ மாமாவின் பிக்கப் டிரக்கில் ஏற்றும்போது மண் சிந்தாமல் இருக்க நானும் ஒரு பக்கம் பிடித்தேன். தேங்க்ஸ் என்றாள். வக்கீல் அனுப்பும் பேப்பர் அடுத்த வாரம் வரும், அதில் எதுவும் மோசமாக இருக்காது என்றாள். புல்லில் பீப்பாய் இருந்த இடம் வட்டமாக வெளுத்துக் கிடக்கிறது.

ஏப்ரல் 19, சனி

அம்மாவுக்குப் போன் பேசினேன். வெயில், வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திவிட்டார்கள், தேங்காய் விலை. பிறகு, "நேத்து மயிலு கூப்புட்டா," என்றாள்.

"மைலேயா? எதுக்கு?"

"எதுக்குன்னா? வாராவாரம் கூப்புடறா. உனக்குத் தெரியாதா?"

"என்ன பாஷைல பேசறீங்க?"

"அவ அவ பாஷைல சொல்றா, நான் என்ற பாஷைல சொல்றேன். வீடியோல செடியக் காட்டுவா. ரெண்டும் மொளச்சு எலை உட்டிருக்குது. மண்ணுல வெரல உட்டுக் காட்டுவா, நான் தண்ணி போதும்னு கையக் காட்டுவேன். பொறவு ரெண்டு பேரும் அவன் பேரச் சொல்லிக் கூப்புடுவோம். அவ்வளவுதான் பேச்சு."

"நல்லா இருக்காளாம்மா?"

"இருக்கறா. கொஞ்சம் ஒடம்பு தேறியிருக்குது."

"என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?"

கேட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"இல்ல கண்ணு," என்றாள்.